கூலியும் ஆளும்

ஒரு சித்திரை மாதத்து வெயிலில், கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்து உப்பளங்களில் உப்பு வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. ஆண்களும் பெண்களும் வெறுங்காலுடன் நின்று அதை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்கள் யார், அப்பா?" என்று முன் ஆசனத்துச் சிறுமி கேட்டாள்.

"கூலிகள், அம்மா!" என்றார் தகப்பனார்.

"கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கிற பணம் அல்லவா? பணத்தின் பெயரை மனிதர்களுக்கு வைக்கலாமா?"

தகப்பனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சார்பில் நான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தமிழில் கூலி என்பது உழைப்பின் பலன். முயற்சியின் பெருமையைக் கூறும் அதிகாரத்தில் திருவள்ளுவரே இந்த வார்த்தையைக் கையாண்டிருக்கிறார். கூலி வாங்குகிறவன் கூலியாள். ஆங்கிலத்திலோ, ஆள் போய்க் கூலி மட்டும் நின்று, அதுவே மனிதனுக்குப் பெயராகிவிட்டது. அந்த ஆங்கில வார்த்தைக்குத் தமிழ்தான் தாய் என்று பண்டிதர்கள் எல்லோரும் ஒப்புவதில்லை. 1886-ல் வெளியான 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி, மேற்கிந்தியக் கோலி வகுப்பாரின் பெயரை மூலமாகக் காட்டி, நம் கூலியையும் பக்கத்தில் நிறுத்துகிறது.

மூலம் எதுவானாலும், அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் தமிழர் ஏராளம். 1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! மறு வருஷமே மொரீஷியஸுக்கு இந்தியர்களை ஒப்பந்தத்தில் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் கூட்டத்தை நேட்டாலில் இறக்கிற்று. அங்கே தோட்டத்தில் உழைத்தவன் மட்டுமா கூலி? வியாபாரியும் கூலி, குமாஸ்தாவும் கூலி! 1893-ல் போய்ச் சேர்ந்த காந்திஜி 'கூலி பாரிஸ்டர்' ஆனார்.

வெள்ளைக்காரர் போய்விட்டார், அவர் வழக்கம் போகவில்லை. ரயிலடியில் மூட்டை தூக்க "கூலி!" என்று நாமே கூவினோம். 2016-ஆம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில், இனி அவர்களைச் 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் தமிழ் தெரிந்த நமக்கு டில்லியிலிருந்து உத்தரவு வர வேண்டுமா? பஸ்ஸிலிருந்த சிறுமிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா?

உப்பளத்தில் நிற்பவர் உப்பளத் தொழிலாளி. கூலி என்பது அவர் கையில் போய்ச் சேர வேண்டிய பணம். அதைக் குறைக்காமல் கொடுப்போம். ஆளை ஆள் என்றே அழைப்போம்.