26 இலட்சம் டாலரும் ஒரு தலைமுறையும்

ஓர் ஆராய்ச்சியை ஒழித்துக்கட்டத் தடைச் சட்டம் வேண்டியதில்லை. அதில் நுழைய வரும் வாலிபனின் சோற்றில் கை வைத்தால் போதும். அமெரிக்காவில் இதுதான் நடந்தது, தோழர்களே!

1992இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையத்தில் காயத் தடுப்புக்கென்று தனிப்பிரிவு ஏற்பட்டது. வாகன விபத்து, தீக்காயம், துப்பாக்கிச் சூடு இவையெல்லாம் தலைவிதியல்ல, காரணம் கண்டால் தடுக்கலாம் என்பது அதன் கொள்கை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்றார்கள் அல்லவா? அப்படிப்பட்ட வீட்டில்தான் கொலை நடக்கும் வாய்ப்பு அதிகம் என்றது, அதன் பண உதவியோடு நடந்து 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பொறுக்குமா தேசிய ரைபிள் சங்கத்துக்கு?

1996இல் ஜே டிக்கி என்ற உறுப்பினர் பெயரால் திருத்தம் வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அப்பிரிவின் பணத்தில் ஒரு காசும் செல்லக்கூடாதாம்! துப்பாக்கி ஆய்வுக்கு முந்திய ஆண்டு செலவான அதே 26 இலட்சம் டாலரையும் வேறு ஆய்வுக்குத் திருப்பினார்கள். "ஆராய்ச்சி செய்யாதே" என்று சட்டத்தில் ஒரு சொல் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை!

பெயர்பெற்ற பேராசிரியருக்கு வேறு வழியுண்டு. நேற்றுப் பட்டம் பெற்றவன் எங்கே போவான்? மானியம் வந்தால்தான் அவனுக்குச் சம்பளம், உதவியாள், பின்னர் நிரந்தர வேலை. அந்தத் துறைப் பக்கம் போகாதே என்று ஆசிரியர்களே புத்தி சொன்னார்கள். அறக்கட்டளைப் பணத்தில் சிலர் தாக்குப்பிடித்தனர், மற்றவர்கள் கலைந்தனர்.

மோட்டார் வண்டியைப் பாருங்கள். அதை யாரும் தடை செய்யவில்லை; ஆராய்ந்தார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்கு 1966இல் 5.5 பேர் மாண்ட நாட்டில், 2014இல் அது 1.1 ஆயிற்று. துப்பாக்கிக்கோ 2021இல் மட்டும் 48 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பலி!

ஆராய்ச்சி வேண்டும் என்று 2012இல் டிக்கியே எழுதினார், அன்று தாம் எதிர்த்த பிரிவின் தலைவராயிருந்த மார்க் ரோசன்பர்க்கோடு சேர்ந்து. 2020ஆம் நிதியாண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். பணத்தை ஒரே கையெழுத்தில் தரலாம். ஆய்வாளன் உருவாகப் பத்தாண்டு ஆகுமே! இருபதாண்டுக்கு மேல் விதைக்காத வயலில், பயிற்சி தர மூத்தவர்களே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அந்த நாற்றும் வேர்பிடிக்குமுன் 2025 ஏப்ரலில் அதே பிரிவில் ஆட்குறைப்பு. இம்முறை குழந்தைகள் நீரில் மூழ்குவதைத் தடுக்கப் பாடுபட்ட குழுவுக்கும் வேலைநீக்கச் சீட்டு! அந்தக் குளத்துக்கு எந்த ரைபிள் சங்கம் காவலிருந்தது?