டைம்ஸ் நியூ ரோமன் 12 என்ற விதியும் தமிழுக்கான மறைந்த அமைப்பும்

ஆய்வேட்டுக்கான வடிவ நெறிமுறைகளில் பெரும்பாலும் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, வரி இடைவெளி ஒன்றரை. மொழியியல், ஒப்பிலக்கியம், மொழிபெயர்ப்பியல் துறைகளில் ஆங்கிலத்தில் எழுதுவோரும் தரவுகளைத் தமிழிலோ தெலுங்கிலோ தந்தாக வேண்டும். டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்துகளே இல்லை. விதியை வரிக்கு வரி பின்பற்றினாலும், தமிழ் எடுத்துக்காட்டுகள் எந்த எழுத்துருவில், எந்த அளவில் வரும் என்பதை அந்த விதி தீர்மானிப்பதில்லை. மென்பொருளுக்குள் நம் கண்ணில் படாத ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த அமைப்பை அறிந்துகொள்வது தட்டச்சரின் வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அது ஆய்வாளரின் வேலை, பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பது என் கருத்து.

வேர்டு கோப்பு ஒன்றின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல சிறிய எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். 2006இல் எக்மா அமைப்பும் 2008இல் ஐஎஸ்ஓவும் தரமாக ஏற்றுக்கொண்ட வடிவம் இது; எவரும் படித்துப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்று பாணிகளுக்கு உரியது. ஸ்டைல் என்று பேச்சில் சொல்வதையே இங்குப் பாணி என்கிறேன்: தலைப்பு, உடற்பகுதி, மேற்கோள், அடிக்குறிப்பு ஆகிய ஒவ்வொன்றும் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதன் வரையறை. ஒரு பாணியில் எழுத்துருவைக் குறிக்க நான்கு இடங்கள் உள்ளன. இரண்டு, இலத்தீன் போன்ற எழுத்துகளுக்கு. ஒன்று, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு. மற்றொன்று, 'சிக்கல் எழுத்துமுறை'களுக்கு. அரபு, ஈப்ரு, தாய், தேவநாகரி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழும் இந்தக் கடைசி இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தின் அளவு, தடிப்பு, சாய்வு ஆகியவற்றுக்கும் சிக்கல் எழுத்துமுறைக்கெனத் தனி மதிப்பு உண்டு. ஒரே பாணியில் ஆங்கிலம் 12 ஆகவும் தமிழ் 11 ஆகவும் பதிவாகியிருக்க முடியும்.

இந்த இரண்டாம் மதிப்பை மாற்றும் இடம் எல்லோருக்கும் தெரிவதில்லை. கன்ட்ரோல், டி விசைகளை அழுத்தினால் வரும் எழுத்துருப் பெட்டியில் பலருக்கும் ஒரே ஒரு எழுத்துருக் கட்டம்தான் இருக்கும். அமைப்புகளில் மொழி என்னும் பகுதிக்குச் சென்று, தமிழைத் தொகுப்பு மொழியாகச் சேர்த்து, வேர்டை மூடித் திறந்தால், அதே பெட்டியில் 'சிக்கல் எழுத்துமுறை' என்று இன்னொரு பகுதி தோன்றும். தமிழ் தன் மொழி என்று பயனர் முதலில் அறிவித்தாக வேண்டும். அதுவரை தமிழுக்கான கதவு இருப்பதே தெரியாது. லிப்ரே ஆபீசிலும் மொழி அமைப்புகளில் சிக்கல் எழுத்துமுறைக்கான கட்டத்தில் குறியிட்டால்தான் அதற்கான எழுத்துரு இடம் தென்படும்.

மொழியியல் படித்தவர்களைச் சற்று நிறுத்திவைக்கும் விவரம் ஒன்றும் உண்டு. வேர்டு கோப்பினுள் சிக்கல் எழுத்துமுறைகளின் மொழி பதிவாகும் இடத்திற்கு 'இருதிசை' என்று பொருள்படும் பெயர் இட்டிருக்கிறார்கள். வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபையும் ஈப்ருவையும் மனத்தில் கொண்டு அமைத்த அறையில், இடமிருந்து வலமாகவே எழுதப்படும் தமிழும் தங்கியிருக்கிறது. வகைப்பாடு செய்தவர்களின் வசதி, வகைப்படுத்தப்பட்டவற்றின் இயல்பாகப் பதிவாகிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேர்டு கோப்புடன் வரும் தீம் கோப்பில் எந்த எழுத்துமுறைக்கு எந்த எழுத்துரு என்ற பட்டியல் ஒன்று உள்ளது. அதில் தமிழுக்கு லதா, தெலுங்குக்குக் கௌதமி, தேவநாகரிக்கு மங்கள் என்று இருக்கும். ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா எல்லாக் கணினிகளிலும் தானாக நிறுவப்படுவதில்லை, விருப்பத் தொகுப்பாகிவிட்டது. விண்டோஸ் 8 தொட்டு நிர்மலா யுஐ உடன் வருகிறது. மேக் கணினியில் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகியவை. கோப்பு பரிந்துரைக்கும் எழுத்துரு கணினியில் இல்லையெனில், மென்பொருள் கையில் கிடைக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். நெறியாளரின் கணினியில் 212ஆம் பக்கத்தில் இருக்கும் அட்டவணை ஆய்வாளரின் கணினியில் 215க்கு நகர்வது இதனால்தான். கையால் தட்டச்சு செய்த பொருளடக்கம் அப்போது பொய்யாகிவிடும்.

பாணிகள் மறைந்திருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வேர்டு 2007இன் கோப்பில் உள்ளுறை பாணிகளின் எண்ணிக்கை 267 என்று குறிக்கப்பட்டிருந்தது. அண்மைப் பதிப்புகளில் அது 376. திரையில் நாம் காண்பதோ பதினைந்து, இருபது. மூன்றாம் நிலைத் தலைப்பு, இரண்டாம் நிலைத் தலைப்பைப் பயன்படுத்திய பிறகே பட்டியலில் வரும். அடிக்குறிப்புப் பாணி, முதல் அடிக்குறிப்பை இட்ட பிறகே தென்படும். 'பயன்படுத்தும் வரை மறை' என்பது அதற்கான ஆணை. இதை அறியாத மாணவர், மூன்றாம் நிலைத் தலைப்பு என ஒன்றே இல்லை என்று கருதி, வரியைத் தேர்ந்து, தடிப்பாக்கி, அளவைக் கூட்டி, தலைப்புபோலத் தோன்றச் செய்கிறார். கண்ணுக்கு அது தலைப்பு. கோப்புக்கு அது வெறும் பத்தி. பொருளடக்கம் அதை அறியாது. பார்வையற்ற ஆய்வாளர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைத் தலைப்பாக அறிவிக்காது.

தோற்றம் சரியாக இருந்தால் போதும் என்ற இந்தப் பழக்கம் தமிழ்க் கணிமைக்குப் புதிதன்று. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துவரிசை. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகள் சோத்கங்காவில் சேர்ந்துவருகின்றன; அத்தகைய எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேட்டினுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கண்டடைய முடியாது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து, தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது வரை, குறியேற்றத்திற்காகப் பலர் உழைத்தார்கள். அதன் பயனாக இன்று எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. தலைப்பு தலைப்பாகவும், மேற்கோள் மேற்கோளாகவும், தமிழ் தமிழாகவும் சேமிக்கப்படுவது அடுத்த படி. அந்தப் படியில் நாம் இன்னும் கால் வைக்கவில்லை.

நான் வசிக்கும் சனத்நகரில், ஐதராபாத்தின் பிற பகுதிகளைப் போலவே, ஆய்வேட்டை ஒழுங்குபடுத்தித் தரும் ஜெராக்ஸ் கடைகள் உண்டு. தெலுங்கு அச்சுப்பணியில் யூனிகோடு அல்லாத அனு எழுத்துருக்களின் செல்வாக்கு இன்றும் குறையவில்லை. கடைக்காரர்கள் திறமையானவர்கள், பக்கத்திற்கு இவ்வளவு என்று வாங்கும் கூலிக்குத் தோற்றத்தைக் கச்சிதமாக்கித் தருகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது அதைத்தான். ஆனால் வாய்மொழித் தேர்வுக்குப் பின் இரண்டு பத்திகளைச் சேர்க்கச் சொன்னால், மீண்டும் அதே கடை, மீண்டும் அதே கூலி. உதவித்தொகை நின்றுபோன ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஆய்வாளருக்கு இது சிறு தொகையன்று.

லாடெக் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வர். ஸீலாடெக் தமிழை நன்றாகவே கையாளுகிறது. கற்கக் கூடியவர்கள் கற்கட்டும். ஆயினும் நம் நெறியாளர்கள் திருத்தங்களை வேர்டின் ஓரக்குறிப்பில்தான் தருகிறார்கள். கருவியை மாற்றும் உரிமை மாணவர் கையில் இல்லாதபோது, இருக்கும் கருவியை அறிந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது. ஆய்வாளர் சிந்திக்க வேண்டியவர், வடிவமைப்பில் நேரம் கழிக்கலாமா என்ற கேள்வியும் எழும். நேரம் கழிவது பாணி தெரியாததால்தான். முந்நூறு எடுத்துக்காட்டுத் தொடர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அளவைக் குறைப்பவருக்கும், 'எடுத்துக்காட்டு' என ஒரு பாணியை உருவாக்கி அதில் ஆங்கிலம் 12, தமிழ் 10.5 என ஒருமுறை குறித்துவிடுபவருக்கும் இடையே சில நாள் உழைப்பு வேறுபடுகிறது. சிக்கல் எழுத்துமுறை என்று நம்மைத் தனியறையில் வைத்ததன் ஒரே பயன் இது. அதையும் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

எழுதத் தொடங்கும் நண்பர்கள் நான்கு செயல்களை முதல் நாளே செய்துவிடலாம். தமிழைத் தொகுப்பு மொழியாகச் சேர்ப்பது. பாணிப் பலகத்தின் விருப்பங்களில் 'எல்லாப் பாணிகளும்' என்பதைத் தேர்வது. பாணிகளை நிர்வகிக்கும் பெட்டியின் பரிந்துரைப் பகுதியில் தமக்கு வேண்டியவற்றை மட்டும் 'காட்டு' என்றும் ஏனையவற்றை 'மறை' என்றும் அமைப்பது. ஐயம் வரும் இடத்தில் ஷிஃப்ட், எஃப்1 விசைகளை அழுத்தி, அந்த எழுத்தின் மீது எவ்வெவ் வடிவங்கள் ஏறியிருக்கின்றன என்று பார்ப்பது. அரைமணி நேர வேலை.

ஆனால் தனிமனிதர்களின் அரைமணி நேரத்தில் இது தீரக்கூடாது. முனைவர் பட்டத்திற்கு முன் ஆராய்ச்சி முறையியல் பாடம் கட்டாயம்; அதில் மேற்கோள் முறைகளுக்கு வகுப்புகள் உள்ளன, பாணிகளுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். எழுத்துருவின் பெயரை ஒரு வரியில் எழுதி அனுப்புவதற்குப் பதிலாக, இலத்தீன் எழுத்துக்கும் இந்திய எழுத்துகளுக்கும் அளவுகள் குறிக்கப்பட்ட வார்ப்புருக் கோப்பு ஒன்றைத் துறைகள் தரவேண்டும். தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனியே தந்தால் இன்னும் நன்று. அத்தகைய கோப்பை உருவாக்க நிதி வேண்டாம், குழு வேண்டாம். ஒரு நெறியாளரும் இரண்டு மாணவர்களும் ஒரு பிற்பகல் அமர்ந்தால் போதும். உங்கள் துறையில் ஏற்கெனவே அப்படியொரு வார்ப்புரு இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு சேரும் மாணவர் அங்கிருந்து தொடங்கட்டும்.