ஒரு ஆங்கிலச் சொல்லும் என் பிரம்பும்



என்னிடம் படித்து, இப்போது தானும் ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி நேற்று போனில் கேட்டாள்: "டீச்சர், 'ஜஸ்டிஃபையபிள்' என்ற சொல்லுக்குப் பிள்ளைகளிடம் என்ன அர்த்தம் சொல்றது?"

'நியாயப்படுத்தக்கூடிய' என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. தமிழில் ஒருவரைப் பார்த்து 'நியாயப்படுத்தாதே' என்றால், செய்த தப்புக்குச் சாக்குச் சொல்லாதே என்றுதான் அர்த்தம். ஆங்கிலச் சொல் அப்படியல்ல. நாலு பேர் முன்னால் காரணத்தை எடுத்து வைத்தால், 'செய்தது சரிதான்' என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னைக் கொல்ல வந்தவனைத் தடுக்கத் திருப்பி அடிப்பது ஜஸ்டிஃபையபிள்.

இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் சொல் 'அண்டர்ஸ்டாண்டபிள்'. ஏன் செய்தார் என்று நமக்குப் புரிகிறது, அவ்வளவுதான். சரி என்று ஆகிவிடாது.

வித்தியாசம் புரிய அவளுக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். 1884-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட 'மிக்னோனெட்' என்ற பாய்மரக் கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. சிறு படகில் தப்பியவர்கள் நாலு பேர். சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்த நிலையில் டட்லி, ஸ்டீஃபன்ஸ் என்ற இருவர், நோயில் கிடந்த 17 வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்றார்கள். அந்த உடலைத் தின்றுதான் மற்ற மூவரும் பிழைத்தார்கள். லண்டன் நீதிமன்றம் அது கொலைதான் என்றது. மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் புரிந்தது, இரக்கமும் காட்டினார்கள். ஆனால் செய்தது சரி என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு எனக்கு என் பிரம்பு ஞாபகம் வந்தது. ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள், தலைக்கு மேல் பரீட்சை. ஏன் அடித்தேன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இருக்கிறது. "டீச்சர் அடிச்சதாலதான் உருப்பட்டோம்" என்று உங்களில் சிலர் இங்கே எழுதுகிறீர்கள். அது உங்கள் பெரிய மனசு. அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டுப் போனவர்கள் இங்கே எழுத வருவதில்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. அதன் பிறகுதான் நான் பிரம்பைக் கீழே வைத்தேன். சட்டம் சொல்லாமலே வைத்திருக்க வேண்டும். நான் அடித்தது அண்டர்ஸ்டாண்டபிளாக இருக்கலாம், ஜஸ்டிஃபையபிள் இல்லை.

என்னிடம் அடி வாங்கியவர்கள் மன்னியுங்கள். வகுப்பிலோ வீட்டிலோ பிள்ளைகளோடு இருப்பவர்கள், கை ஓங்கும் முன் இந்தச் சொல்லை ஒரு தடவை நினையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்