மகள் பாறை ஏறப் போகிறாளா?

"அம்மா, அடுத்த மாதம் பரீட்சை. அதற்கு முன்னால் இரண்டு நாள் சிநேகிதிகளோடு ராமநகரம் போய்ப் பாறை ஏறிவிட்டு வருகிறேன்" என்று உங்கள் பெண் சொன்னால் என்ன சொல்வீர்கள்? "பரீட்சைக்குப் படிக்காமல் பாறை என்னடி பாறை?" என்றுதானே? சேலையூரானாலும் சிட்லபாக்கமானாலும் தாய்மார்கள் கேட்கிற கேள்வி அதுதான்.

கொஞ்சம் பொறுங்கள், அம்மா! அவளுக்குப் பரீட்சையே பாறையில்தான்.

மலையேற்றத்துக்கு நம் நாட்டில் முறையான பள்ளிக்கூடங்கள் உண்டு. 1953-இல் டென்சிங் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். மறு வருஷமே டார்ஜிலிங்கில் ஒன்று தொடங்கினார்கள். 1965-இல் உத்தரகாசியில் நேருவின் பெயரால் இன்னொன்று பிறந்தது. அங்கெல்லாம் முதலில் ஆரம்பப் பயிற்சி, பிறகு மேற்பயிற்சி. இவற்றில் 'ஏ' தரம் வாங்கித் தேறியவர்களுக்குத்தான் மூன்றாவது வகுப்பு: பிறருக்குக் கற்றுக் கொடுக்கும் முறை.

ஏறத் தெரிந்தவளுக்கு இன்னொரு வகுப்பு எதற்கு என்கிறீர்களா? நன்றாகச் சமைக்கிற மாமியாரைக் கேட்டுப் பாருங்களேன். "உப்பு எவ்வளவு?" என்றால், "கண் அளவுதான்!" என்பார். கைவந்த கலை வேறு. அதைச் சொல்லித் தருவது வேறு.

பாறையில் அந்த வித்தியாசம் உயிர் விஷயம். ஏறுகிறவள் இடுப்புப் பட்டையில் கயிற்றை எட்டு வடிவ முடிச்சால் பிணைத்துக் கொள்கிறாள். கயிறு உச்சியில் உள்ள பிடிப்பு வழியாகச் சென்று, கீழே நிற்கிற இன்னொருத்தியிடம் வந்து சேருகிறது. மேலே கால் வழுக்கினால், கீழே இருப்பவள் கயிற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு கருவி உண்டு. ஆனாலும் கயிற்றைப் பிடித்த கை ஒரு விநாடிகூட விடக் கூடாது. கொசு கடித்தாலும் சரி, டெலிபோன் மணி அடித்தாலும் சரி!

ஆகவே, ஆசிரியையாகப் போகிறவள் எவ்வளவு உயரம் ஏறினாள் என்பது மட்டும் கணக்கல்ல. அடுத்தவள் போட்ட முடிச்சைச் சரி பார்த்தாளா? நடுங்குகிற காலைக் கவனித்தாளா? "இன்றைக்குப் போதும், இறங்கு" என்று சொல்லத் தெரிந்ததா? இவையெல்லாம் ஏட்டுப் படிப்பில் வராது. பாதிப் பாறையில் பயந்து நிற்கிற சிநேகிதியிடம் பேசிப் பேசி இறக்கிப் பழகினால்தான் வரும். தவிர, "நீ சொன்னது ஒன்றும் புரியவில்லையடி!" என்று முகத்துக்கு நேரே சொல்ல சிநேகிதியை விட்டால் யார்?

இது நம் பெண்களுக்கு ஆகுமா என்று தயங்க வேண்டாம். உத்தரகாசியில் பயின்ற பச்சேந்திரி பால் 1984 மே 23 அன்று எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அவர் ஆசிரியர் பயிற்சியும் பெற்றவர். சரியாக 39 வருஷம் கழித்து, 2023 மே 23 அன்று, தமிழ்நாட்டுப் பெண்களில் முதல்வராக அதே சிகரத்தைத் தொட்டவர் முத்தமிழ்ச்செல்வி. தாம்பரத்தை அடுத்த மண்ணிவாக்கத்தில் குடியிருந்தவர். ஜப்பானிய மொழி கற்பித்தவர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய்!

ஆகையால் "ஏன் போகிறாய்?" என்று கேட்காதீர்கள், வேறு கேள்விகள் கேளுங்கள். கயிறு பிடிக்கப் போவது யார்? அவளுக்கு எத்தனை நாள் பழக்கம்? தலைக்கவசம் எல்லாருக்கும் உண்டா? உச்சியில் ஒரு பிடிப்பு போனாலும் தாங்க இரண்டாவது இருக்குமா? ராமநகரம் 'ஷோலே' படம் எடுத்த இடம்தான். ஆனால் அங்கே ஒரு பகுதி கழுகுகளின் சரணாலயம். எந்தப் பாறையில் ஏறலாம் என்று விசாரித்தாளா? மழை பிடித்துக் கொண்டால்?

"ஏறாமல் திரும்பிவிடுவோம், அம்மா" என்று தயங்காமல் பதில் வருகிறதா? புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். மழுப்புகிறாளா? புளியோதரையும் கிடையாது, பயணமும் கிடையாது!