தலைகீழ் வகுப்பறையும் நம் ஆசிரியரும்

கல்லூரி விழா மலரொன்றிலே பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபினை யாம் குறைகூறேம். தம்மை ஆளாக்கிய கலைக்கூடத்தை நினைந்து போற்றுதல் பழைய மாணவர்க்குரிய கடனேயாகும். ஆயினும், விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாட் காலையிலே பிள்ளைகள் வழக்கம்போல வகுப்பில் வந்து அமர்வர். அவர்களுக்கு இனி யாது செய்யப்போகின்றோம் என்னும் வினாவுக்கும் இம்மலரில் ஓரிரு பக்கம் ஒதுக்குதல் தகும். இக்காலத்து ஆசிரியர் கூடுமிடங்களிலே அடிக்கடி செவியில் விழும் ‘தலைகீழ் வகுப்பறை’ என்னுந் தொடரை எடுத்துக்கொண்டு, அது யாது, நம்மூர்ப் பிள்ளைக்கு அதனால் ஆவது யாது, ஆசிரியர்க்கு அதனை எவ்வாறு அறிமுகஞ் செய்தல் வேண்டும் என்பன பற்றி எம் கருத்தினை ஈண்டுக் கூறுவோம்.

பெயர் மிரட்டுகின்ற அளவுக்குப் பொருள் கடினமானதன்று. ஆசிரியர் வகுப்பிலே பாடத்தை விளக்குவார். மாணவர் வீட்டிலே பயிற்சியைச் செய்வர். இது நெடுங்கால வழக்கு. இவ்விரண்டினையும் இடம் மாற்றிவைத்தலே தலைகீழ் வகுப்பறை. முதல் அறிமுகத்தை மாணவர் வகுப்பிற்கு வருமுன் வாசித்தோ கேட்டோ வருவர். பயிற்சியை, அஃதாவது கடினமான பகுதியை, ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு வகுப்பிலே செய்வர். இவ்வளவே.

இம்முறை பிறந்த வரலாற்றினை அறிந்தால் வீண் மயக்கம் பல தீரும். ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் என்பார், தம் மாணவர் நூற்கணக்குகளைத் தவறின்றிச் செய்தும் அடிப்படைக் கருத்தினைக் கேட்டவிடத்துத் தடுமாறுதலைக் கண்டு, 1991 முதல் தம் விரிவுரையைச் சுருக்கினார். மாணவர் முன்னரே வாசித்து வந்து, வினாவுக்கு விடை கூறி, பக்கத்திலிருப்பாரோடு வாதித்துத் தெளியும் முறையை அவர் கைக்கொண்டார். பின்னர் 2007 இல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைப்பாங்கான ஊராகிய வூட்லண்ட் பார்க்கிலே இரசாயனவியல் கற்பித்த ஜொனதன் பேர்க்மன், ஏரன் சாம்ஸ் என்னும் இருவர் தம் பாடங்களைப் பதிவுசெய்து மாணவர்க்குக் கொடுக்கத் தொடங்கினர். காரணம் யாது? விளையாட்டுப் போட்டி முதலியவற்றின் பொருட்டு நெடுந்தொலைவு செல்லும் மாணவர் வகுப்பினை அடிக்கடி தவறவிட்டனர். தவறியதை ஈடுசெய்யக் கண்ட வழியே பின்னர் ஒரு முறையாக வளர்ந்தது. இணைய வசதியில்லாத பிள்ளைகளுக்கு அவ்வாசிரியர் பாடங்களை இறுவட்டிற் பதிந்து கொடுத்தனர் என்பதும் கருதத்தக்கது. வராத பிள்ளையையும் வசதியற்ற பிள்ளையையும் மறவாமையே இம்முறையின் வித்து.

இனி நம் கரைக்கு வருவோம். தாழ்வுபாடு மன்னார் நகருக்கு மேற்கே, தீவின் தென்கரையிலே, வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் மீனவர் ஊர். சோளகக் காற்று மிகும் மாதங்களிலே தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வேறு கரைகளை நாடிச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வாரும் உளர். வள்ளம் விடியலிற் கரைசேரும் வீட்டிலே, வலையினின்று மீனைக் கழற்றும் கைகளுட் பிள்ளையின் கையும் ஒன்று. ஆதலின் வகுப்பினைத் தவறவிடும் பிள்ளை நமக்குப் புதியவனல்லன். கொலராடோவில் விளையாட்டுச் செய்ததனை ஈண்டுக் கடலும் காற்றும் செய்கின்றன.

எனினும் வரவின்மையினும் பெரியதொரு குறை உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எடுத்தோம். வழக்கமான முறையிலே பிள்ளை எப்பகுதியைத் தனியே செய்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். விளங்காத கணக்கு, எழுத வராத கட்டுரை, பிரிக்கத் தெரியாத புணர்ச்சி ஆகிய கடினமானவை அனைத்தும் வீட்டுவேலை என்னும் பெயரால் இரவிலே அதன் தலைமேல் விழுகின்றன. கற்ற பெற்றோர் உள்ள வீட்டிலே அக்கடினம் குறையும். பணமுள்ள வீட்டிலே தனியார் வகுப்பு அதனைத் தீர்க்கும். தந்தை கடலிலும் தாய் கருவாட்டுப் பாயிலும் இருக்கும் வீட்டிலோ அது தீராமலே கிடந்து, மறுநாட் காலையிற் ‘செய்யவில்லை’ என்னும் சொல்லாகவும் அதற்குரிய தண்டனையாகவும் முடிகின்றது. 1945 இல் இந்நாட்டிலே கல்வி இலவசமாயிற்று. ஆயின் விளங்காத நேரத்தில் விளக்குவாரைப் பெறும் பேறு இன்றுவரை வீட்டின் நிலையைப் பொறுத்ததாகவே உள்ளது. அரசு சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆசிரியரின் துணை, பிள்ளைக்கு மிகவும் தேவையான நேரத்திற் கிடைக்காமற் போகின்றது. தலைகீழ் வகுப்பறையின் பயன் இக்குறையை நீக்குவதிலேதான் உள்ளது.

இதனை உணராதார் இம்முறையைக் கைப்பேசியோடு ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர். மயக்கத்திற்குக் காரணமுண்டு. 2020 மார்ச்சிலே கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வந்தன. அடுத்து 2022 இலே மின்வெட்டும் எரிபொருட் பஞ்சமும் வந்து பாடசாலைகளை மீண்டும் முடக்கின. நம் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் சுழன்று நாட்டுக்கு மின்சாரம் ஊட்டியும், அக்கரையிலுள்ள பிள்ளை இருளிலிருந்த நாள்கள் பல. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளையும், அதுவுமில்லாத வீடுகளையும் யாம் அறிவோம். அக்காலத்து நிகழ்ந்தது தலைகீழ் வகுப்பறை அன்று. அங்கே விளக்கம் தொலைவிலிருந்து வந்தது. பயிற்சிக்குத் துணைநிற்கும் வகுப்பு அறவே இல்லை. பாதி முறையைக் கண்டு முழு முறையைப் பழித்தல் நேரிதன்று. அதுபோலவே, அப்பாதியை முழுமையென்று எண்ணிக் கருவிகளை வாங்கிக் குவித்தலும் நேரிதன்று.

முன்னாயத்தத்திற்குக் காணொளி வேண்டும் என்னும் நியதியில்லை. 1980 முதல் இந்நாட்டு அரசு பாடநூலை இலவசமாகக் கொடுத்து வருகின்றது. ஏழைப் பிள்ளையின் கையிலும் உள்ள கருவி அதுவே. அந்நூலின் இரண்டு பக்கத்தை வாசித்து, மூன்று வினாவுக்கு விடை தேடி, விளங்காத ஒன்றனைக் குறித்து வருதல் போதும். அதற்கும் வீட்டில் இடமில்லாத பிள்ளைக்குப் பாடசாலையின் இறுதிக் கால் மணியை ஒதுக்கலாம். கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்திலே தமிழிலும் பாடங்கள் உள்ளன. வசதியுள்ளார் அவற்றைப் பயன்கொள்ளட்டும். இல்லாதார்க்குப் பாடநூல் குறைந்ததன்று.

எம் பாடமாகிய தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். கட்டுரை எழுதுவித்தலை நோக்குக. ஆசிரியர் வகுப்பிலே கட்டுரையின் இலக்கணத்தைச் சொல்லித் தலைப்பினைக் கொடுத்து, வீட்டில் எழுதி வருக என்பார். வகுப்பிலுள்ளோர் 35 பேராயின், ஒரு கட்டுரைக்கு 5 நிமிடம் வைத்தாலும், திருத்துதற்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். அவ்வளவும் செலவிட்டு அவர் இட்ட சிவப்பு மைக்கோட்டினைப் பிள்ளை எத்தனை விநாடி பார்க்கின்றது? எழுதுங்காற் கையைப் பிடித்துத் திருத்தாத பிழை, எழுதி ஏழு நாள் சென்றபின் கோடிடுதலாற் போய்விடுமா?

இதனை மாற்றிவைப்போம். முதல் நாள் பிள்ளை ஒரு நல்ல கட்டுரையின் தொடக்கப் பகுதியை வாசித்து வருக. மறுநாள் 40 நிமிடப் பாடவேளையிலே முதல் 5 நிமிடம் வாசித்தது பற்றிய வினா; அடுத்த 20 நிமிடம் ‘எங்கள் கடற்கரை’ என்னுந் தலைப்பில் ஒரு பந்தி எழுதல். ஆசிரியர் மேசையை விட்டு எழுந்து வரிசைதோறுஞ் செல்வார். ‘கடற்கரை மிகவும் அழகானது’ என்று தொடங்கி மேற்செல்ல மாட்டாது பேனாவைக் கடித்திருக்கும் பிள்ளையைக் காண்பார். “இன்று காலையில் நீ கரையிலே என்ன கண்டாய்?” என்று கேட்பார். வள்ளம் வந்தது, காகம் சூழ்ந்தது, ஐஸ் பெட்டி இறங்கியது, விலை பேசுவார் குரல் எழுந்தது என்று பிள்ளை கூறும். “அதனையே எழுது” என்று அப்பாற் செல்வார். அரை நிமிடந்தான், ஆயினும் உரிய அரை நிமிடம். எஞ்சிய 15 நிமிடத்தில் அருகிலிருப்பார் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து ஒரு குறையும் ஒரு நிறையும் சொல்லுதலும், பலர்க்கும் பொதுவாகிய பிழையைக் கரும்பலகையில் விளக்குதலும் அமையும். வீட்டுக்குக் கொண்டுசென்று திருத்த வேண்டிய கட்டுக் கொப்பிகளும் குறையும்.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது என்பாரும் உளர். அவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. ஆசிரியன் சொல்லியதை முற்றக் கொள்ளினும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்று பவணந்தியார் கணக்கிட்டுள்ளார். ஒன்றனை இருமுறை கேட்டவன் பெரிதும் பிழையான், மும்முறை கேட்டவன் முறையறிந்து சொல்ல வல்லனாவான் என்பதும் அவர் கருத்து. நம் வகுப்பறைகளோ அக்காற்பங்கிற்கே நேரம் முழுவதையும் கொடுத்துவிட்டு முக்காற்பங்கினைத் தெருவில் விட்டிருக்கின்றன. சென்னை எழும்பூரிலே அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய அந்திரு பெல் என்பார், மூத்த மாணவர் இளையாருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797 இல் அதனை நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. ஆதலின் உடன்பயில்வார் வழியாகக் கற்றல் நமக்கு அந்நியமன்று.

எதிர்வாதங்களுள் வலிமையுடையன இரண்டு. பிள்ளை வாசித்து வாராவிடின் யாது செய்வது என்பது ஒன்று. வாசியாதார் வகுப்பின் முதற் பத்து நிமிடத்தை ஒருபுறம் அமர்ந்து வாசித்துவிட்டுப் பயிற்சியிற் சேர்க. அவர்பொருட்டு ஆசிரியர் முழுப்பாடத்தையும் மீண்டும் சொல்லத் தொடங்குவாராயின், வாசித்து வந்தவன் மறுநாள் வாசியான். முறை அன்றே முடிந்தது. பாடத்திட்டம் முடியாது என்பது மற்றொன்று. அதற்கு யாம் கேட்பது ஒன்றே: பாடத்திட்டம் யாருக்கு முடிதல் வேண்டும்? ஆசிரியரின் பதிவேட்டிலா, பிள்ளையின் அறிவிலா? எனினும் எல்லாப் பாடத்தையும் ஒருங்கே மாற்றுக என்று யாம் கூறேம். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கும், செய்யுளின் ஓசை முதன்முறை செவியில் விழவேண்டிய இடத்திற்கும், ஆசிரியரின் குரலே முற்பட வேண்டும்.

ஆசிரியர்க்கு இதனை அறிமுகஞ் செய்யுமாறு எங்ஙனம்? விரிவுரை தீது என்பதைக் காலை முதல் மாலை வரை விரிவுரையாகவே கூறிய செயலமர்வுகளில் யாம் இருந்திருக்கின்றோம். நீச்சலைக் கரையிலிருந்து கேட்டுக் கற்றார் எவருமிலர். 2007 இன் சீர்திருத்தத்தோடு வந்த ‘ஐந்து ஈ’ முறை, யாம் கண்டவரையிற் பல இடங்களிலே பாடக்குறிப்பின் தலைப்பாக நின்றதேயன்றி வகுப்பினுட் புகவில்லை. அந்நிலை இதற்கும் வாராதிருத்தல் வேண்டுமாயின், செயலமர்வே தலைகீழாதல் வேண்டும். வாசிக்க வேண்டியதை ஒருவாரம் முன்னரே ஆசிரியர் கையிற் கொடுத்துவிடுக. கூடிய நாளிலே ஒவ்வொருவரும் தம் பாடத்தில் ஓரலகினை எடுத்து, முன்வாசிப்புத் தாளும் வகுப்புப் பயிற்சியும் ஆக்கிக்கொண்டு செல்க. ஒரு தவணைக்கு ஓரலகு போதும். ஒரே பாடசாலையில் இருவராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க. அவரைப் புதிய படிவங்களை நிரப்புவித்து வருத்தாதிருத்தல் அதிபருக்கும் ஆலோசகருக்கும் உரிய அறமாகும்.

முடிவாகப் பழைய மாணவராகிய அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். விழா ஆண்டுகளிலே கல்லூரிக்குக் கொடை வழங்க உள்நாட்டினும் வெளிநாட்டினும் பலர் முன்வருவர். அக்கொடை பெரும்பாலும் திரையாகவும் கணினியாகவும் வந்து, சில ஆண்டிற் பழுதுற்று மூலையில் ஒதுங்குதலைக் காண்கின்றோம். அதனினுஞ் சிறிய தொகையிலே பெரியனவற்றைச் செய்யலாம். முன்வாசிப்புத் தாள் அச்சிடக் கடதாசி கொடுங்கள். மாலையில் இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்து, மின்கலத்தோடு கூடிய விளக்கொன்று ஏற்றி, வீட்டில் இடமில்லாத பிள்ளையை அமர்ந்து வாசிக்கச் செய்யுங்கள். ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் அங்கே முறைவைத்து இருப்பாராக. கற்பிக்க வேண்டா, உடனிருத்தல் போதும். கல்லூரியின் எல்லையோடு நில்லாது, கரையோரத்துச் சிறு பாடசாலைகளுக்கும் இவ்வுதவி சென்றால் விழாவின் சிறப்பு இன்னும் பெருகும்.

விளங்காத நேரத்திலே பிள்ளைக்கு அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். தலைகீழ் வகுப்பறை என்பதன் சாரம் அதுவே. அதனைச் செய்யும் ஆசிரியர் எம்முறையைக் கையாளினும் நன்று. அதனைச் செய்யாதார்க்கு எக்கருவி இருந்தும் பயனின்று.

— தமிழாசிரியர், தாழ்வுபாடு