பவளம் வாடினா பவளத்தைப் பார்க்காதீங்க

மயிலாடுதுறையில உட்கார்ந்துக்கிட்டு வீட்டுல பவளம் வளர்க்கிறேன்னு சொன்னா, கேக்கிறவங்க என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்கிறாங்க. தப்பில்லை. தரங்கம்பாடியும் பூம்புகாரும் நமக்குப் பக்கம்தான், ஆனா அந்தக் கடலோரத்துல மன்னார் வளைகுடா மாதிரி பவளப்பாறை எல்லாம் கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டுற வண்டலும் நன்னீரும் பவளத்துக்கு ஆகாது. ஆக, கடலே வேண்டாம்னு சொன்னதை நான் கூடத்துல கண்ணாடித் தொட்டியில வெச்சிருக்கேன். (தங்கமணி இதையே இன்னும் சுருக்கமா, ஒரே வார்த்தையில சொல்வாங்க :-))

சரி, மேட்டருக்கு வருவோம்.

மூணடித் தொட்டி. ஒரு ஜோடி கோமாளி மீன். நடுநாயகமா ஒரு லெதர் கோரல். நண்பர் ஒருத்தர் தொட்டியில வளர்ந்ததுலேர்ந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது, முருங்கைப் போத்து நடுற மாதிரி. நல்லா இருக்கிறப்ப பெரிய காளான் மாதிரி விரிஞ்சு, மேல பூரா பூப்பூவா பாலிப் நீட்டிக்கிட்டு நிக்கும். கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் ஒருநாள் எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிட்டு, பழைய செருப்புத் தோல் மாதிரி சுருங்கிப் போச்சு.

முதல் வாரம் பதறலை. லெதர் கோரலுக்கு அப்பப்ப மேல்தோல் உரிக்கிற பழக்கம் உண்டு. மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், சில நாள் மூடிக் கிடக்கும், அது கழண்டதும் மறுபடி பூக்கும். புதுசா வளர்க்கிறவங்க செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறது பெரும்பாலும் இந்த நேரத்துலதான். ஆனா எனக்கு மூணு வாரம் ஆகியும் விரியலை. ஓரத்துல கொஞ்சம் கருக்க வேற ஆரம்பிச்சது.

அப்புறம் நான் செஞ்சதுதான் கூத்து. அயோடின் ஊத்துன்னார் ஒருத்தர், ஊத்தினேன். பசியா இருக்கும், பவளத் தீனி போடுன்னார் இன்னொருத்தர், போட்டேன். லைட்டைக் குறைன்னாங்க, குறைச்சேன். இல்லையில்லை கூட்டுன்னாங்க, கூட்டினேன். இடத்தையும் ரெண்டு தடவை மாத்தினேன். எல்லாம் ஒரே வாரத்துல! பல மரம் கண்ட தச்சன் கதைதான். எதனால மோசமாச்சுன்னே தெரியாத அளவுக்கு மோசமாச்சு.

டெல்டாக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. பயிர் மஞ்சளடிச்சா உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். அது துத்தநாகக் குறையா இருக்கலாம், வயல்ல தண்ணி தேங்கி வேர் மூச்சுத் திணறுறதா இருக்கலாம். விவரமான விவசாயி முதல்ல ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். நான் வேரைப் பார்க்காம யூரியா போட்டுக்கிட்டு இருந்தேன்.

என் கண்ணைத் திறந்தவர் இறால் பண்ணை வெச்சிருக்கிற நண்பர். அவருக்குப் பவளத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. "தண்ணி உப்பு எவ்வளவுய்யா?"ன்னார். "சரியா இருக்கு, 35"ன்னேன். "எதுல பார்த்தே?" என்கிட்ட இருந்தது முள் ஆடுற பிளாஸ்டிக் கருவி. மறுநாள் தன்னோட ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துட்டு வந்தார். ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துல பார்த்தா 41! என் கருவியோட முள்ளுல உப்புப் படிஞ்சு, அது பாட்டுக்கு மாசக்கணக்கா பழைய எண்ணையே காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

எப்படி ஏறிச்சு? வெயிலுக்குப் பயந்து தண்ணி மேல ஃபேன் போட்டேன். 31 டிகிரி இருந்தது 28க்கு இறங்கிச்சு, அது நல்லதுதான். ஆனா ஃபேன் தண்ணியை ஆவியாக்கித்தானே குளிர வைக்குது. ஆவியாகிறது வெறும் தண்ணி, உப்பு அங்கயேதான் நிக்கும். ரசம் சுண்டினா உப்புக் கரிக்கிற மாதிரி. குறைஞ்ச அளவுக்கு நான் ஆர்.ஓ. தண்ணி விட்டிருக்கணும். கடல் தொட்டிக்கு உப்புத் தண்ணிதானேன்னு கரைச்சு வெச்ச உப்புத் தண்ணியையே விட்டுக்கிட்டு இருந்தேன். தினம் ரெண்டு லிட்டர். சுண்டின ரசத்துல மறுபடி உப்பை அள்ளிப் போட்ட புத்திசாலி நான்தான்.

அப்புறம் எந்த மருந்தும் இல்லை. நாளுக்கு ஒரு பிபிடி வீதம், தொட்டித் தண்ணியில கொஞ்சம் எடுத்துட்டு அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி. ஒரே நாள்ல இறக்கினா அதுவே இன்னொரு அதிர்ச்சி. ஆறு நாள்ல 35க்கு வந்துச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருந்தேன். இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான வைத்தியம்! பதினோராம் நாள் காலையில மெழுகுப் படலம் உரிஞ்சு மிதக்குது, அடியில பாலிப் எட்டிப் பார்க்குது.

என் கட்சி இதுதாங்க. பவளம் வாடினா வியாதி பவளத்துல இருக்கிறது அபூர்வம், தண்ணியிலதான் இருக்கும். அதனால 'எதை ஊத்தலாம்'னு கேக்காதீங்க, 'என்ன மாறிச்சு'ன்னு கேளுங்க. உப்பு, சூடு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட். இந்த அஞ்சையும் அளங்க. அளக்கிற கருவியையே முதல்ல சந்தேகப்படுங்க. ரிஃப்ராக்டோமீட்டரைக் கூட வெறும் தண்ணியில சரிபார்த்தா போதாது, 35 பிபிடி கரைசல்ல சரிபார்க்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மாத்திட்டுப் பொறுத்திருங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இதே நோயாளி பெரிய அளவுல நம்ம மாநிலத்துலயே படுத்துக் கிடக்கு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு, சுத்திலும் பவளப்பாறை. 1986ல தேசியப் பூங்கா ஆச்சு. அதுக்கு முன்னாடி சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு கடலுக்குள்ளயே போயிடுச்சு. 2008ல பார்த்தா, வளர்க்கிறதுக்காக வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுல உயிருள்ள பவளத்து மேலேயே போர்வை மாதிரி படர்ந்திருக்கு. 2016 கோடையில கடல் சூடாகி, பவளம் தன் உடம்புக்குள்ள குடியிருந்து சோறு போடுற நுண்பாசியைத் துரத்திட்டு வெளுத்துப் போச்சு. உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்துலேர்ந்து 23க்கு விழுந்துச்சு.

தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002லேர்ந்து, பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகையில கட்டிக் கடலுக்கு அடியில நட்டுக்கிட்டு வருது. நாத்து நடவேதான். என் நண்பர் எனக்குத் துண்டு வெட்டிக் கொடுத்த அதே வித்தை. ஆனா ஒரு வித்தியாசம். நான் ஃபேன் போட்டு மூணு டிகிரி இறக்கிடலாம். வளைகுடாவுக்கு யார் ஃபேன் போடுறது?

அதனாலதான் போன மாசம் ஒருத்தர் "கல் பவளம் இருக்கு சார், உயிரோட, நம்ம கடல்லேர்ந்து எடுத்தது, சீப்பா தர்றேன்"னப்ப வேணாம்னுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா ரெண்டு நிமிஷம் சபலம் தட்டிச்சு, அவ்வளவு அழகு. கல் பவளம் எல்லாமே 2001லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே பட்டியல். மாட்டினா 3லேர்ந்து 7 வருஷம் உள்ள. ஆனா என்னைத் தடுத்தது சட்டம் மட்டும் இல்லை. தினம் ரெண்டு லிட்டர் தண்ணியை ஒழுங்கா ஊத்தத் தெரியாம ஒரு உயிரை ஒரு மாசம் வதைச்சவன் நான். 23 சதவீதம் மிச்சமிருந்த இடத்துலேர்ந்து ஒரு துண்டைப் பிடுங்கிட்டு வந்து அதுல பாடம் படிக்க எனக்கு என்ன யோக்கியதை?

தொட்டியில வளர்ந்த துண்டை வாங்கி வளர்ப்போம். பெருகினா அடுத்தவருக்கு வெட்டிக் கொடுப்போம். கடல்ல இருக்கிறது கடல்லயே இருக்கட்டும்.

லெதர் கோரல் இன்னிக்கு முழுசா விரிஞ்சிருக்கு. தங்கமணியே ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போனாங்க. ஒண்ணும் சொல்லலை. நம்ம வீட்டுல அதுவே பாராட்டுதான் :-)