22-ஆம் நாள் என்ன பண்ணுவீங்க?

இப்ப எங்க பார்த்தாலும் குட்டி இன்குபேட்டர்தான். மேஜை மேல வைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே தெரியற மாதிரி மூடி, 12 முட்டைக்கு இடம், ஒரு சின்ன ஹீட்டர், ஒரு ஃபேன். சில ஆயிரம் ரூபாய்தான். 'லீவுல பசங்களுக்கு நல்லா பொழுது போகுமே, வாங்கலாமா?'ன்னு இந்த வருஷம் மட்டும் என்கிட்ட மூணு பேர் கேட்டாச்சு. நாலஞ்சு வருஷமா வீட்ல நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற ஆளுங்கறதால என்கிட்ட கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு மொத்தமா இங்கயே எழுதிடறேன்.

என் கட்சி இதுதான். பொரியற வரைக்கும் உள்ள 21 நாளைப் பத்தி மட்டும் யோசிக்கிறவங்க மெஷின் வாங்காதீங்க. 22-ஆம் நாளுக்கு பதில் வெச்சிருக்கிறவங்க தாராளமா வாங்குங்க.

ஏன்னா அந்த 21 நாள் பெரிய வித்தையே இல்லை. ஃபேன் உள்ள மெஷின்னா 37.5 டிகிரி செல்சியஸ். முதல் 18 நாள் ஈரப்பதம் 45-லேர்ந்து 55 சதவீதம், கடைசி 3 நாள் 65-க்கு மேல. முட்டையை தினம் மூணு தடவையாவது திருப்பணும், 18-ஆம் நாளோட நிறுத்திடணும். ஏழாம் நாள் இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தா, கரு உள்ள முட்டையில செக்கச்செவேல்னு சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடும். ஒண்ணுமே தெரியலேன்னா கூமுட்டை, எடுத்துடணும். (நம்மாளுங்க திட்டறதுக்கு இந்த வார்த்தையை எவ்வளவு பொருத்தமா புடிச்சிருக்காங்க பாருங்க!)

கரண்ட் போனா? அரைமணி நேரத்துக்கு பயப்படவே வேணாம், மூடியைத் திறக்காம இருந்தா போதும். அடைக்கோழியே இரை பொறுக்க தினம் கொஞ்ச நேரம் முட்டையை விட்டு எந்திரிச்சுப் போகத்தானே செய்யுது. தெர்மாமீட்டரே இல்லாத காலத்துல எகிப்துல மண் அடுப்பு மாதிரி அறை கட்டி ஆயிரக்கணக்குல குஞ்சு பொரிச்சிருக்காங்க. முட்டையை கண் இமையில வெச்சுப் பார்த்தே சூடு சரியான்னு சொல்லிடுவாங்களாம். அவங்க இமை செஞ்ச வேலையை இப்ப டப்பா செய்யுது, அவ்வளவுதான்.

சிக்கல் குஞ்சு வெளிய வந்த பிறகுதான் ஆரம்பிக்குது.

முதல் விஷயம், கணக்கு. பத்து குஞ்சு பொரிஞ்சா ஏறக்குறைய அஞ்சு சேவல். கூரான முட்டைன்னா சேவல், உருண்டைன்னா பெட்டைன்னு ஊர்ல சொல்லுவாங்க, அதெல்லாம் சும்மா. சேவலா பெட்டையாங்கறது தாய்க்கோழி கொடுக்கிற குரோமோசோம்லயே முடிவாயிடுது, வடிவத்தைப் பார்த்து பிரிக்க முடியாது. நாட்டுக்கோழிக் குஞ்சுல கொண்டை சிவந்து நமக்குத் தெரியவே ஆறு, எட்டு வாரம் ஆகும். அப்புறம் நாலஞ்சு மாசத்துல கூவ ஆரம்பிக்கும், விடியறதுக்கு முன்னாடியே. பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்ச நாலும் ஒண்ணையொண்ணு கொத்திக் கிழிக்கும். அபார்ட்மெண்ட் பால்கனியில இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?

இது ஏதோ நம்ம வீட்டு சில்லறைப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. உலகம் முழுக்க முட்டைக்கோழித் தொழில் முழி பிதுங்கற கேள்வியே இதுதான். முட்டை போடாத, கறிக்கும் லாபமா வளராத சேவல் குஞ்சை பொரிஞ்ச அன்னிக்கே கொன்னுடறது வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரியிலேர்ந்து அதை தடை பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல பிங்க், பச்சைன்னு சாயம் முக்கி கூடையில வெச்சு விப்பாங்களே, கலர் கோழிக்குஞ்சு? பெரும்பாலும் அப்படி வேண்டாம்னு ஒதுக்கின சேவல் குஞ்சுங்கதான். வாங்கிட்டுப் போன வீட்ல ரெண்டு நாள் கத்தும், மூணாம் நாள் அட்டைப்பெட்டியில விறைச்சுக் கிடக்கும். அதைப் பார்த்து 'ஐயோ பாவம்'னு சொல்ற நாம, அதே குஞ்சை வீட்லயே உண்டாக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிச்சா என்ன நியாயம்?

ரெண்டாவது, அம்மா வேலை. மெஷின் பொரிக்கும், வளர்க்காது. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேணும், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம். நாலஞ்சு வாரம் பல்பு எரியணும், ராத்திரி எந்திரிச்சுப் பார்க்கணும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்துலயே தடுப்பு மருந்து விடணும். தாய்க்கோழியா இருந்தா இறக்கைக்குள்ள இழுத்து வெச்சுக்கும், பருந்து நிழல் பட்டாலே குரல் குடுக்கும். கோழி மிதிச்சு குஞ்சு சாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

'பசங்க உயிரோட அருமையை கத்துக்குவாங்களே'ன்னு ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஓட்டுல முதல் விரிசல் விழுந்த பிறகு முழுசா வெளிய வர ஒரு நாள் கூட ஆகும். அவசரப்பட்டு நாம ஓட்டை உரிச்சா ரத்தம் வரும். கையைக் கட்டிக்கிட்டு காத்திருக்கற அந்தப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கிடைக்காது, ஒத்துக்கறேன். ஆனா குழந்தை அத்தோட பாடத்தை மூடி வெச்சுடாது சார். ரெண்டு மாசம் கழிச்சு நாத்தம் தாங்கலைன்னு பெட்டியோட வாட்ச்மேன் கையில குடுத்தீங்கன்னா அதையும் பார்க்கும். அதுலேர்ந்தும் ஒண்ணு கத்துக்கும்.

சேவலை வளர்த்து அடிச்சு குழம்பு வைக்கறதுல எனக்கு ஆட்சேபனையே கிடையாது. எங்க வீட்ல அதான் நடக்குது. ஆனா அதை முட்டை வைக்கிற அன்னிக்கே பசங்ககிட்ட சொல்லிடணும். பேரு வெச்சு மடியில தூக்கி வளர்த்த பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை கத்தியோட வந்து நிக்கக்கூடாது.

அப்ப மெஷினே வேணாமா? வேணும். கொல்லை இருந்து, ஊர்ல நாலு கோழி இருக்கிறவங்களுக்கு அது அருமையான கையாள். அடைக்கோழி இருந்தா இன்னும் நல்லது. பொரிஞ்ச குஞ்சுங்களை அன்னிக்கு ராத்திரியே, ஏற்கெனவே சில வாரமா அடைகாத்துக்கிட்டிருக்கிற கோழிக்கு அடியில மெதுவா தள்ளி விட்டா, பெரும்பாலும் காலையில தன் புள்ளைன்னு கூட்டிக்கிட்டு கிளம்பிடும். கொத்துதான்னு மட்டும் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கணும். பல்பு செலவும் மிச்சம்.

ஆக, வாங்கறதுக்கு முன்னாடி மூணே கேள்வி.

1. சேவல் குஞ்சுங்க எங்க போகும்?
2. முதல் அஞ்சு வாரம் ராத்திரி யார் எந்திரிப்பா?
3. அதுக்கப்புறம் மண்ணைக் கிளறி மேய இடம் எங்க?

மூணுக்கும் பதில் இருக்கா? முட்டையை வையுங்க, குஞ்சு பொரிஞ்சதும் எனக்கும் சொல்லுங்க. இல்லையா? லீவுக்கு பசங்களை கோழி வளர்க்கிற சொந்தக்காரங்க வீட்டுக்கு கூட்டிட்டுப் போங்க. பஞ்சாரத்தை தூக்கினதும் குஞ்சுங்க தாய் பின்னாடி ஓடறதைப் பார்க்கட்டும். டப்பாவை விட அது பெரிய காட்சி, காசும் மிச்சம்.

பி.கு: கடையில வாங்கற வெள்ளை முட்டையை வெச்சா பொரியுமான்னு கேக்காதீங்க. கூண்டுல அடைச்ச லேயர் கோழி சேவல் முகத்தையே பார்த்ததில்லை. 21 நாள் இல்ல, 210 நாள் வெச்சாலும் கூமுட்டைதான்.